அமெச்சூர் கோல்ஃப்: கோலாலம்பூரில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினோரு வயதில் கோல்ஃப் மட்டைப் பை தூக்கப் போனேன். பத்தொன்பதில் மாநில அணியில் இடம் கிடைத்தது. முப்பத்தெட்டு வரை அமெச்சூர் போட்டிகளில் ஆடினேன். அதற்குப் பிறகு போட்டிகளில் ஸ்கோர் எழுதுவது, விதி பார்ப்பது, பிள்ளைகளைக் களத்துக்குக் கூட்டிப்போவது என்று நாள் போகிறது. பத்து மலைக் கோயில் வாசலில், கல்யாண வீட்டில், பிரிக்பீல்ட்ஸ் ஒட்டுக்கடையில் பசியாறும்போது என்று எங்கே பார்த்தாலும் நம் ஆட்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான். அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட வாக்கிலேயே விட்டிருக்கிறேன்.

அங்கள், அமெச்சூர்னா என்ன? சும்மா பொழுதுபோக்குக்கு ஆடுறவங்களா?

ஆட்டத்தில் சம்பாதிக்காதவர் அமெச்சூர். ஆடத் தெரியாதவர் என்று அதற்கு அர்த்தமே கிடையாது. 1930இல் பாபி ஜோன்ஸ் என்ற அமெரிக்கர் பிரிட்டிஷ் ஓப்பன், அமெரிக்க ஓப்பன், அந்த இரண்டு நாடுகளின் அமெச்சூர் பட்டங்கள் என நான்கையும் ஒரே ஆண்டில் வென்றார். அவர் வழக்கறிஞர். ஓப்பன் போட்டிகளில் அவரிடம் தோற்றவர்களில் கோல்ஃபையே பிழைப்பாகக் கொண்டவர்களும் இருந்தார்கள். அதே ஆண்டு, 28 வயதில், பெரிய போட்டிகளிலிருந்து விலகிவிட்டார்.

நம் ஊரிலும் வாரம் முழுக்க வேலைக்குப் போய்விட்டு ஞாயிறு காலையில் பதினெட்டுத் துளைச் சுற்றை 70, 71 அடியில் முடிக்கிற அமெச்சூர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பொழுதுபோக்கு ஆட்டக்காரர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இது வெள்ளைக்காரன் ஆட்டம், பணக்காரன் ஆட்டம். நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

கோலாலம்பூரில் ராயல் சிலாங்கூர் கோல்ஃப் கிளப் 1893இல் தொடங்கியது. மலாயா அமெச்சூர் போட்டியின் தொடக்கமும் 1890களில்தான். பெயர்ப் பலகையில் இருந்தவர்கள் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தக் காலத்திலிருந்தே இந்த நாட்டுத் திடல்களில் புல் வெட்டியவர்கள், வடிகால் தோண்டியவர்கள், பை சுமந்தவர்கள் மத்தியில் நம் ஆட்கள் நிறையப் பேர். பால்மரத் தோட்டமும் செம்பனைத் தோட்டமும் கோல்ஃப் திடலாக மாறிய இடங்களில், லயத்திலிருந்த பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து பை தூக்கினார்கள். பை தூக்குபவருக்குக் கெடி என்று பெயர்.

என் அப்பா ஒரு கிளப்பில் கிரீன், அதாவது குழி இருக்கும் குட்டைப் புல் பரப்பு, பராமரிப்பவர். விடிவதற்கு முன்னால் எழுந்து, நீளமான பிரம்புக் கழியால் கிரீன் மேல் இடமும் வலமுமாக வீசிப் பனித்துளியைத் தட்டிவிடுவார். அப்படிச் செய்யாவிட்டால் ஈரத்தில் புல் நோய் பிடிக்கும், பந்தும் ஓடாது. பிறகு குழி வெட்டும் கருவியைக் காலால் மிதித்து இறக்கி, இரு கைப்பிடியையும் திருகி, மண் உருளையை முழுசாக வெளியே எடுப்பார். அந்த உருளையைப் பழைய குழியில் வைத்து அடைத்துக் கையால் அழுத்தித் தண்ணீர் ஊற்றுவார். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். உலகத்தில் எந்தத் திடலுக்குப் போனாலும் அதே அளவுதான். அப்பாவுக்கு மில்லிமீட்டர் கணக்குத் தெரியாது. ஆனால் விளிம்பு உதிர்ந்த குழியை விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவார்.

அந்த வழியில் வந்தவர்களின் அடுத்த தலைமுறை ஆட்டக்காரர்களாகவும் ஆனது. மாரிமுத்து ராமையா, பெரியசாமி குணசேகரன், எஸ். சிவச்சந்திரன் ஆகியோர் மலேசியாவிலிருந்து ஆசிய அளவில் தொழில்முறை ஆட்டம் ஆடிய நம்மவர்கள். ஆகவே சம்பந்தம் இருக்கிறது.

என் மகனுக்கு 13 ஆச்சுண்ணே. லேட்டா?

இல்லை. பதினைந்தில் தொடங்கி மாநில அணிக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும். ஏழு வயதில் தொடங்கிப் பதினான்கில் வெறுத்து விட்டுவிட்ட பிள்ளைகளையும் தெரியும். பையன் தானாகக் கேட்டானா, நீங்கள் இழுத்து வந்தீர்களா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

செலவு எவ்வளவு ஆகும்? உண்மையைச் சொல்லுங்க.

உண்மையைச் சொன்னால், மலிவான ஆட்டம் இல்லை. ஆனால் பயப்படும் அளவுக்குத் தொடக்கத்திலேயே கொட்ட வேண்டியதில்லை. முதல் ஆறு மாதத்துக்கு ஏழு மட்டை போதும்: தூரம் அடிக்க ஒரு டிரைவர் அல்லது மூன்றாம் நம்பர் வுட், நான்கு அயன் எனும் இரும்பு மட்டை, மணலிலிருந்து எடுக்க ஒரு சாண்ட் வெட்ஜ், குழிக்குள் உருட்ட ஒரு பட்டர். பழைய செட் வாங்குங்கள். நான் சொந்தமாக வாங்கிய முதல் அரை செட்டுக்கு முந்நூறு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். அதில் இரண்டு மட்டையின் பிடி தேய்ந்துபோயிருந்தது. அதை வைத்துத்தான் மாநிலத் தேர்வுக்கே போனேன்.

காசு உண்மையில் கரைவது மட்டையில் அல்ல. களக் கட்டணம், போட்டி நுழைவுக் கட்டணம், வெளியூர்ப் போட்டிக்குப் போய் மூன்று இரவு தங்குவது ஆகியவைதான் வீட்டுக் கணக்கைப் பதம் பார்க்கும். வார நாள் பிற்பகல் கட்டணம் வார இறுதியைவிடக் குறைவு. பயிற்சித் திடலில் ஒரு கூடைப் பந்தை ஒரு மணி நேரம் அடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பதினைந்து நிமிடத்தில் அடித்துத் தீர்ப்பவனுக்கு இரண்டு கூடையும் வீண்தான்.

கிளப் மெம்பர்ஷிப் இல்லாம போட்டியில கலந்துக்க முடியுமா?

முடியும். ஆனால் ஹேண்டிகேப் எனும் திறமை எண் வேண்டும், அதை அடுத்த கேள்வியில் விளக்குகிறேன். மலேசிய கோல்ஃப் சங்கத்தோடு இணைந்த கிளப் அல்லது குழு வழியாக அதைப் பெறலாம். முழு உறுப்பினராக இருக்கத் தேவையில்லாத ஏற்பாடுகளும் உண்டு. இளையோருக்குத் தனிப் பிரிவு வைத்திருக்கும் கிளப்புகளும் இருக்கின்றன. கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். பினாங்கிலிருந்து கேட்பவர்களுக்கு: தீவில் புக்கிட் ஜம்புல், பெருநிலப் பக்கம் புக்கிட் ஜாவி, பெர்த்தாம் என்று திடல்கள் உண்டு. நேரில் போய், இளையோர் பிரிவு இருக்கிறதா என்று அலுவலகத்தில் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டால் பாதி விஷயம்தான் கிடைக்கும்.

ஹேண்டிகேப் ஹேண்டிகேப்னு சொல்றாங்களே, அதை எப்படிக் கணக்குப் போடுறாங்க?

உங்கள் ஆட்டத் திறமையைக் காட்டும் எண் அது. எண் சிறியதாக இருந்தால் ஆட்டம் பெரியது. 2020இல் உலகம் முழுக்க ஒரே முறை வந்தது. அதற்கு முன்னால் ஊருக்கு ஊர் வேறு வேறு கணக்கு. இப்போது 54 துளை, அதாவது மூன்று முழுச் சுற்று, ஆடிய ஸ்கோர் அட்டைகளைக் கொடுத்தால் முதல் எண் கிடைக்கும். மேல் எல்லை 54.0. இருபது சுற்றுகள் சேர்ந்துவிட்டால், கடைசி இருபதில் சிறந்த எட்டின் சராசரி உங்கள் எண்.

ஒவ்வொரு சுற்றும் அப்படியே எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. திடலின் கடினத்தைக் கழித்துத்தான் சேர்ப்பார்கள். ஓர் உதாரணம். திடலின் கோர்ஸ் ரேட்டிங், அதாவது தேர்ந்த ஆட்டக்காரருக்கு அங்கே ஆகும் அடி, 71.2 என்றும், ஸ்லோப், அதாவது சாதாரண ஆட்டக்காரருக்கு அது எவ்வளவு கடினம் என்று காட்டும் எண், 128 என்றும் வையுங்கள். நீங்கள் 90 அடித்தீர்கள். 90இலிருந்து 71.2 போனால் 18.8. அதை 113ஆல் பெருக்கி 128ஆல் வகுத்தால் 16.6. அன்றைக்கு உங்கள் கணக்கில் ஏறுவது இந்த 16.6. 113 என்பது நடுத்தரத் திடலுக்கு வைத்த ஸ்லோப். ஒரே துளையில் பத்துப் பதினொன்று அடித்துச் சொதப்பினாலும் முழுசாக ஏறாது. அந்தத் துளையின் பார் (கீழே சொல்கிறேன்), அதோடு இரண்டு, அதோடு உங்கள் ஹேண்டிகேப்பின்படி அங்கே கழித்துக்கொள்ளக் கிடைக்கும் சலுகை அடி. அதுதான் கணக்குக்கான உச்சம்.

பார் என்றால் அந்தத் துளையை நல்ல ஆட்டக்காரர் முடிக்க வேண்டிய அடிகளின் எண்ணிக்கை. ஒன்று கூடினால் போகி, ஒன்று குறைந்தால் பர்டி. இது தெரியாமல் ஐந்து வருடம் மகனோடு திடலுக்கு வந்த அப்பாவும் இருக்கிறார். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

ஒரு அமெச்சூர் ஆட்டக்காரர் படிப்படியா எப்படிப் போவாரு? கடைசியா எது வரைக்கும்?

பள்ளிப் பருவத்தில் மாவட்டம், மாநிலம், பிறகு எம்எஸ்எஸ்எம் எனும் தேசியப் பள்ளிகள் போட்டி. அதற்குப் பிறகு மாநிலத்துக்காக சுக்மா எனும் மலேசிய விளையாட்டுப் போட்டி. கிளப்புகளும் மாநிலங்களும் நடத்தும் அமெச்சூர் ஓப்பன் போட்டிகள் ஆண்டு முழுக்க இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே மலேசிய அமெச்சூர் ஓப்பன். அங்கே வெளிநாட்டுப் பையன்களும் வந்து நிற்பார்கள். பதினேழு வயது தாய்லாந்துப் பையன் ஒருவன் என்னைவிட நாற்பது மீட்டர் தூரம் அடித்ததை முதலில் பார்த்தது அங்கேதான்.

இவற்றில் தொடர்ந்து நன்றாக ஆடினால் தேசியக் குழுவின் கண்ணில் படலாம். அங்கிருந்து சீ எனும் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி, புத்ரா கப், ஆசிய பசிபிக் நாடுகள் மோதும் நொமுரா கப், உச்சத்தில் ஐசன்ஹோவர் கோப்பை. ஐசன்ஹோவர் கோப்பைதான் அமெச்சூர் ஆண்களின் உலக அணிப் போட்டி. 1958இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் தொடங்கியது. ஒரு நாட்டுக்கு மூன்று பேர். நான்கு நாளும் அன்றன்றைக்குச் சிறந்த இருவரின் ஸ்கோர் மட்டும் சேரும். 2025இல் பக்கத்துச் சிங்கப்பூரிலேயே நடந்தது.

நான் மாநில அணியோடு நின்றவன். மலேசிய அமெச்சூரில் நான்கு முறை ஆடினேன். ஒருமுறை ஒரே ஓர் அடியில் இறுதிச் சுற்றுகளை இழந்தேன். பதினேழாம் துளையில் ஒரு மீட்டர் பட். பந்து குழி விளிம்பைச் சுற்றிவிட்டு வெளியே வந்தது. அந்த விளிம்பு என் கண்ணுக்குள் இன்னும் இருக்கிறது.

புத்ரா கப்புங்கிறது துங்கு பேர்ல உள்ளதா?

ஆமாம். நம் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் புத்ராவின் பெயர்தான். கோல்ஃப் மேல் பிரியம் உள்ளவர் அவர். 1961இல் தொடங்கியது. தென்கிழக்காசிய நாடுகளின் அமெச்சூர் ஆண்கள் அணிகளுக்கான போட்டி. நாடு நாடாக மாறி மாறி நடக்கும். காலப்போக்கில் அதோடு சேர்த்துப் பெண்களுக்குச் சாந்தி கப், இளையோரில் பையன்களுக்கு லயன் சிட்டி கப், பெண் பிள்ளைகளுக்குக் கார்த்தினி கப் என்று வளர்ந்தது.

வட்டாரக் கோல்ஃப் என்று நான் சொல்லும்போது என் மனதில் இருப்பது இதுதான். சிங்கப்பூர், தாய்லாந்து, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் எல்லோரும் நாள் கணக்கில் ஒரே திடலில் ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாக மழைக்கு ஒதுங்கி ஆடுகிற இடம். இன்றைக்குத் தொலைக்காட்சியில் பார்க்கும் ஆசிய நட்சத்திரங்கள் பலர் இப்படிப்பட்ட அணிப் போட்டிகளில்தான் முதல்முதலில் நாட்டுச் சட்டை போட்டார்கள்.

தனி ஆளா ஜெயிச்சா மாஸ்டர்ஸ்க்கே போகலாம்னு சொன்னாங்களே, நெசமா?

நிஜம்தான். 2009இல் தொடங்கிய ஆசிய பசிபிக் அமெச்சூர் போட்டியில் வெல்பவருக்கு, அமெரிக்காவில் ஆண்டுதோறும் நடக்கும் பெரிய போட்டியான மாஸ்டர்ஸுக்கும் பிரிட்டிஷ் ஓப்பனுக்கும் அழைப்பு உண்டு. ஜப்பானின் ஹிடெக்கி மட்சுயாமா 2010, 2011 இரண்டு ஆண்டும் இதை வென்றார். அந்த அழைப்பில் 2011 மாஸ்டர்ஸ் போய் அமெச்சூர்களில் முதலாவதாக வந்தார். பத்து ஆண்டு கழித்து, 2021இல், மாஸ்டர்ஸ் பட்டத்தையே வென்றார். அமெச்சூர் போட்டி எவ்வளவு பெரிய கதவு என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

பொம்பளப் பிள்ளைங்களுக்கு இதுல வழி இருக்கா மாமா? எங்க வீட்டுல அவதான் நல்லா அடிக்கிறா.

இருக்கிறது. இன்னும் சொன்னால், மலேசியாவில் இப்போது பெண்கள் பக்கம்தான் எனக்கு நம்பிக்கை கூடுதல். பத்து பகாட்டில் பிறந்த கெல்லி டான், 2013 இறுதியில் தகுதித் தேர்வு ஆடி, அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறைத் தொடரான எல்பிஜிஏவில் இடம் பிடித்தார். அதற்கு முன் அவரும் அமெச்சூர் போட்டிகளில் ஆடி வளர்ந்தவர்தான்.

அமெச்சூர் பெண்களுக்குக் குயின் சிரிகிட் கப் எனும் அணிப் போட்டி 1979 முதல் நடக்கிறது. தனி ஆட்டத்தில், 2018இல் சிங்கப்பூரில் தொடங்கிய பெண்கள் ஆசிய பசிபிக் அமெச்சூர் இருக்கிறது. அந்த முதல் ஆண்டு வென்றவர் தாய்லாந்தின் அத்தயா திதிகுல். அப்போது அவருக்குப் பதினைந்து வயதுதான். 2023இல் அவரே கோலாலம்பூருக்கு வந்து, மேபேங்க் எல்பிஜிஏ போட்டியில் பிரான்சின் செலின் பூட்டியேவுடன் சமநிலையை முறிக்க ஆடிய, ஒன்பது துளை நீண்ட பிளேஆஃபில் தோற்றார். உங்கள் மகளை இப்படிப்பட்ட போட்டிக்குக் கூட்டிப்போய்க் கயிற்றுக்குப் பக்கத்தில் நிற்க வையுங்கள். மட்டை பந்தில் படும் சத்தத்தைப் பக்கத்தில் கேட்க வேண்டும். தொலைக்காட்சியில் அது வராது.

தனியாகப் பயிற்சிக்கு அனுப்பத் தயக்கமாக இருந்தால் அம்மாவோ அத்தையோ கூட வரட்டும். எங்கள் சனிக்கிழமைக் குழுவில் இரண்டு அம்மாக்கள் அப்படித் துணைக்கு வந்து, இப்போது அவர்களே ஸ்கோர் எழுதுகிறார்கள்.

போட்டியில ஜெயிச்சா காசு வாங்கலாமா? வாங்கினா அமெச்சூர் பேரு போயிடுமா?

2022இல் விதி மாறியது. பரிசின் மதிப்பு 700 பவுண்டு அல்லது 1,000 அமெரிக்க டாலர் வரை இருக்கலாம். ஹேண்டிகேப் சலுகை இல்லாத போட்டியானால் அதைப் பணமாகவே வாங்கலாம். ஹேண்டிகேப் வைத்து ஆடும் போட்டியில் பணம் கூடாது, அந்த மதிப்புக்குள் பொருளோ பற்றுச்சீட்டோ வாங்கிக்கொள்ளலாம். ஒரு சுற்றின்போது ஒரே அடியில் பந்து குழியில் விழுந்து கார் கிடைத்தால், அதற்கு இந்த எல்லை இல்லை.

விளம்பரதாரர் மட்டை கொடுப்பது, பயணச் செலவு ஏற்பது இவையெல்லாம் இப்போது சரி. முன்பு இதற்கெல்லாம் கெடுபிடி இருந்தது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த மாற்றம் பெரிய உதவி. இருபது வருடத்துக்கு முன்னால் வந்திருக்கக்கூடாதா என்று எனக்குத் தோன்றும். அமெரிக்கப் பல்கலைக்கழக உபகாரச் சம்பளமும் அமெச்சூர் நிலையைப் பாதிக்காது.

சரி, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து நாப்பது அம்பது வெள்ளி வாங்கினா?

அது கூடாது. கோல்ஃப் கற்றுக்கொடுத்துக் கூலி வாங்குவது அமெச்சூர் நிலையை உடைக்கும் காரியங்களில் ஒன்று. தொழில்முறை ஆட்டக்காரராகப் போட்டியில் கலந்துகொள்வது, கிளப்பில் புரொஃபஷனலாக வேலைக்குச் சேர்வது ஆகியவை மற்றவை. சங்கம் அனுமதித்த திட்டங்கள் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. வாங்குவதற்கு முன்னால் சங்கத்தில் கேட்டுவிடுங்கள். இலவசமாக எத்தனை பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கலாம், அதற்குத் தடையே இல்லை.

எப்ப புரொஃபஷனலா மாறணும்? மாறிட்டு சரிவரலன்னா திரும்பி வரலாமா?

அவசரப்பட வேண்டாம் என்பதே என் அழுத்தமான கருத்து. கோலாலம்பூரில் பிறந்த கேவின் கிரீன், அமெரிக்காவில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்துக்காக ஆடிய பிறகுதான் தொழில்முறைக்கு வந்தார். 2017இல் ஆசிய டூர் எனும் தொழில்முறைத் தொடரின் ஆண்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் மலேசியர் அவர். பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்த கையோடு தொழில்முறைக்குப் போய், இரண்டு வருடத்தில் கையில் காசும் இல்லாமல் படிப்பும் இல்லாமல் திரும்பிய பையன்களை நான் பார்த்திருக்கிறேன்.

திரும்பி வரலாம். தேசியச் சங்கத்துக்கு விண்ணப்பித்தால் அமெச்சூர் நிலையைத் திருப்பிக் கொடுப்பது பற்றி அவர்கள் முடிவு செய்வார்கள். அதில் அவமானம் எதுவும் கிடையாது.

ஸ்கோர் கார்டுல ஒரு எழுத்துத் தப்பு வந்தா முழு ஆட்டமும் போயிடுமாமே?

எந்தத் தப்பு என்பதைப் பொறுத்தது. உங்கள் ஸ்கோரை நீங்கள் எழுதுவதில்லை, கூட ஆடும் ஒருவர் எழுதுவார். அவர் மார்க்கர். சுற்று முடிந்ததும் துளை துளையாகச் சரிபார்த்து இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு துளையில் உண்மையைவிடக் கூடுதலாக எழுதியிருந்தால் அந்தக் கூடுதல் அப்படியே நிற்கும். குறைவாக எழுதியிருந்தால் தகுதி நீக்கம். தனக்கே தெரியாமல் விட்டுப்போன அபராத அடிக்கு மட்டும் விலக்கு உண்டு. மொத்தத்தைத் தப்பாகக் கூட்டியிருந்தால் உங்கள் குற்றமில்லை, கூட்டுவது போட்டிக் குழுவின் வேலை.

இருபத்து மூன்று வயதில் எனக்கே நடந்தது. மாநிலப் போட்டியின் இரண்டாம் நாள், மூன்றாம் இடத்தில் இருந்தேன். மழை, அட்டை நனைந்திருந்தது. பன்னிரண்டாம் துளையில் நான் அடித்தது ஐந்து, அட்டையில் நான்கு என்று இருந்தது. பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். அரை மணி நேரம் கழித்து அறைக்குள் உட்கார்ந்து மனதுக்குள் ஆட்டத்தை ஓட்டிப் பார்க்கும்போது உறைத்தது. எழுந்துபோய்ச் சொன்னேன். என் பெயருக்கு நேரே கோடு போட்டார்கள். மார்க்கர் மேல் எனக்குக் கோபமில்லை, பார்க்க வேண்டியவன் நான். அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு நான் சொல்வது: அட்டையை மேசையில் வைத்து, ஒவ்வொரு துளையையும் விரல் வைத்து, வாய்விட்டுப் படியுங்கள். பின்னால் ஆள் காத்திருந்தால் காத்திருக்கட்டும்.

சில பேரு வேணும்னே ஹேண்டிகேப்பை ஏத்தி வெச்சு கோப்பையைத் தூக்கிட்டுப் போறாங்களே. அதுக்கு என்ன பண்றது?

இந்தக் கேள்வியில் எனக்கு நிதானம் குறையும். மோசமாக ஆடிய அட்டைகளை மட்டும் கொடுத்து, நல்ல அட்டைகளை மறைத்து, போட்டி நாளில் நாற்பது நாற்பத்திரண்டு ஸ்டேபிள்ஃபோர்டு புள்ளி எடுப்பது கூட ஆடுபவரின் பையில் கைவிடுவதற்குச் சமம். ஸ்டேபிள்ஃபோர்டு என்றால் சலுகை அடியைக் கழித்த பிறகு போகிக்கு 1, பாருக்கு 2, பர்டிக்கு 3 என்று கூட்டும் முறை. தன் எண்ணுக்கு ஏற்ப ஆடினால் 36 வரும்.

மேலே சொன்ன கணக்குமுறைக்குள்ளேயே சில தடுப்புகள் இருக்கின்றன. ஒரு சுற்றின் கணக்கு உங்கள் எண்ணைவிட 7.0 முதல் 9.9 வரை சிறப்பாக இருந்தால் எண்ணில் உடனே 1 வெட்டப்படும். 10.0 அல்லது அதற்கு மேல் என்றால் 2. ஓராண்டில் இருந்த மிகக் குறைந்த எண்ணிலிருந்து 5.0க்கு மேல் ஏறவும் முடியாது. ஆனால் எந்தக் கணக்கையும்விட வலுவானது கிளப்பின் ஹேண்டிகேப் குழு. அதில் உட்காருபவர் தன் நண்பரின் எண்ணையும் வெட்டத் தயாராக இருக்க வேண்டும். நான் ஒருமுறை என் சொந்த மைத்துனரின் எண்ணை வெட்டச் சொன்னேன். எட்டு மாதம் பேசவில்லை. இப்போது பேசுகிறார்.

நடுவுல இடி மழை வந்தா? ஜெயிக்கிற நேரத்துல நிறுத்தச் சொன்னா?

நிறுத்துங்கள். சைரன் ஒருமுறை நீளமாக ஒலித்தால் அந்த நொடியே ஆட்டம் நிற்க வேண்டும். அதற்குப் பிறகு ஓர் அடி அடித்தாலும் தண்டனை உண்டு. மூன்று முறை விட்டு விட்டு ஒலித்தால், தொடங்கிய துளையை முடித்துக்கொள்ள அனுமதி. இரண்டு சிறு ஒலி என்றால் மறுபடி தொடங்கலாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகல் மின்னல் விளையாட்டு இல்லை. மரத்தடிக்கு ஓடாதீர்கள். குடையை மடக்குங்கள். இடிதாங்கி வைத்த ஒதுங்கிடத்துக்குப் போங்கள்.

ஆடுறத விட்ட பிறகு ஒரு அமெச்சூர் என்ன செய்ய முடியும்? பங்களிப்பு பங்களிப்புன்னு சொல்றீங்களே.

போட்டி என்றால் ஆடுபவர்கள் நூறு பேர் மட்டும் அல்ல. தொடங்கும் இடத்தில் பெயர் படிப்பவர், குழி வைக்கும் இடம் முடிவு செய்பவர், ஸ்கோர் வாங்குபவர், பந்து விழும் இடம் பார்ப்பவர், விதி சொல்பவர் என்று பின்னால் ஒரு படையே வேண்டும். அமெச்சூர் போட்டிகளில் இவர்களில் பலர் சம்பளமில்லாமல் வருகிறார்கள். விதி படிக்க ஆர்வமிருந்தால் கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பின் பாடம் மூன்று நிலைகளில் இருக்கிறது. முதல் நிலையை வீட்டிலிருந்தே இணையத்தில் படிக்கலாம். எனக்கு ஐம்பது வயதில்தான் இரண்டாம் நிலைத் தேர்வு எழுதத் தைரியம் வந்தது.

நான் பெரிய பட்டம் எதுவும் வென்றவனில்லை, வருத்தமில்லையா என்றும் சிலர் கேட்பதுண்டு. அந்த ஒரு மீட்டர் பட் பற்றி மேலே எழுதிவிட்டேன், அது வருத்தம்தான். ஆனால் எங்கள் சனிக்கிழமைக் குழுவிலிருந்து இரண்டு பிள்ளைகள் சுக்மா ஆடியிருக்கிறார்கள். ஒருத்தி, அவளுடைய பாட்டி என் அப்பாவோடு ஒரே கிரீனில் களை பிடுங்கியவர். அவள் முதல் துளையின் தொடக்க இடமான டீயில் நின்றபோது அறிவிப்பாளர் அவள் பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்துப் படித்தார். மைக்கில் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு நான் ஸ்கோர் கூடாரத்துக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

அடுத்த போட்டிக்கு நாங்களும் வந்து உதவணும். ஆட்டமே தெரியாது, பரவாயில்லையா?

பரவாயில்லை. காலை ஆறே காலுக்கு வந்துவிடுங்கள், இருட்டாகத்தான் இருக்கும். அகல விளிம்புத் தொப்பி, மழைச்சட்டை, ஒன்றரை லிட்டர் தண்ணீர், இரண்டு பென்சில் கொண்டுவாருங்கள். பேனா வேண்டாம், ஈரத்தில் எழுதாது. புதியவர்களை முதலில் டிரைவ் எனும் தொடக்க அடியில் பந்து விழும் இடத்தில் நிறுத்துவோம். பந்து புதருக்குள் போனால் எந்த மரத்துக்கு நேரே போனது என்பதைப் பார்த்து வையுங்கள். ஆட்டக்காரர் அல்லது அவருடைய கெடி வந்து தேட ஆரம்பித்ததிலிருந்து மூன்று நிமிடம்தான் அவகாசம். 2019க்கு முன் ஐந்து நிமிடமாக இருந்தது. அதனால் விநாடி முள் உள்ள கைக்கடிகாரம் ஒன்றும் கட்டிக்கொண்டு வாருங்கள்.